புயல் கூண்டுக்குப் பதிப்பு எண் கிடையாது

“உங்கள் உலாவி மிகவும் பழையது. தளத்தைப் பார்க்கப் புதிய பதிப்புக்கு மாறுங்கள்.”

சாம்பல் நிறப் பெட்டிக்குள் வரும் இந்த இரண்டு வரிகளை எழுதியவர் மரியாதை தெரிந்தவர்தான். ‘மாறுங்கள்’ என்று விகுதி போட்டிருக்கிறார். ஆனால் அதன் பொருள் ‘உள்ளே வராதே’ என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. “புதுச் சட்டை போட்டவர்களுக்கு மட்டும் அனுமதி” என்று ஒரு டீக்கடை வாசலில் பலகை தொங்கினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அன்று சாயங்காலமே யாராவது கழற்றி எறிந்திருப்பார்கள். அதே பலகை திரையில் தொங்கினால் அதற்குத் தொழில்நுட்பம் என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பழைய உலாவிகளில் பக்கம் உடைவதைச் சரிசெய்வது என்பது கணினி வேலை பார்ப்பவர்களின் சில்லறைத் தலைவலி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இலக்கியம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்பதை இன்று தீர்மானிப்பது அந்தச் சில்லறைத் தலைவலிதான். இது இலக்கியத்தின் பிரச்சினை இல்லையென்றால் வேறு எது?

1

நான் ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு இணையப் பக்கம் கட்டிக்கொடுத்துப் பிழைக்கிறவன். இந்தக் கரையில் போன் எப்படிக் கைமாறுகிறது என்று பார்த்தவன். புதுப் போன் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் இருக்கும். அதற்கு முந்தினது அம்மாவிடம். அதற்கும் முந்தினது, மூலையில் கண்ணாடி விரிந்தது, பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றப்பட்டுக் கடலுக்குப் போகும். உப்புக்காற்றில் எந்தப் போனும் ரொம்ப நாள் தாங்காது என்று தெரிந்தவர்கள் நல்ல போனைக் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ ஒருவர் கையில் பழைய ஆண்ட்ராய்டு இருந்தால், அவருக்குப் புதியது வாங்கத் தெரியவில்லை என்று அர்த்தமல்ல. எது எங்கே நனையும் என்று கணக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும். வலை பின்னுகிறவர்கள் பின்னுவார்கள், எஞ்சின் பிரிக்கிறவர்கள் பிரிப்பார்கள். கையில் நேரம் இருக்கும். வாசிக்கிற பையன்களும் உண்டு, நிறையவே உண்டு. அப்படி ஒரு தம்பி தங்கச்சிமடத்திலிருந்து கூப்பிட்டான்.

“அண்ணே, நீங்க அனுப்புன லிங்க்ல ஒண்ணுமே இல்லண்ணே. வெள்ளையா நிக்கிது.”

“கொஞ்சம் கீழ தள்ளிப் பாருடா.”

“தள்ளுறதுக்கு என்னண்ணே இருக்கு? வெள்ளைய எவ்வளவு தூரம் தள்றது?”

நான் அனுப்பியது ஓர் இணைய இதழில் வந்த சிறுகதை. கடலோர மக்களைப் பற்றிய கதை. என் போனில் அழகாகத் தெரிந்தது. கதை யாரைப் பற்றியதோ அவன் கையில் வெள்ளைத் திரை. இதைவிடப் பெரிய விமர்சனத்தை எந்த விமர்சகனாலும் அந்த இதழுக்கு எழுத முடியாது.

2

தமிழ் இணையத்துக்கு இது புதிதல்ல. சொல்லப்போனால், தமிழ் இணையம் என்பதே பழைய உலாவியில் உடைந்ததைச் சரிசெய்து சரிசெய்து உண்டானதுதான். முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துரு. ஒரு பத்திரிகையின் எழுத்துருவை இறக்கினால் இன்னொரு பத்திரிகை தெரியாது. டிஸ்கி ஒரு பக்கம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் இன்னொரு பக்கம். எழுத்துருவை இறக்கத் தெரியாதவர்களுக்காக ‘இயங்கு எழுத்துரு’ என்று ஒன்று வந்தது. பக்கத்தோடு சேர்ந்து எழுத்துருவும் தானே இறங்கும். அதிலும் இரண்டு ஜாதி: இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ‘ஈ.ஓ.டி.’, நெட்ஸ்கேப்புக்கு ‘பி.எஃப்.ஆர்.’. இரண்டையும் செய்து வைத்த தளங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தன. பாதித் தளங்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டன. பின்னால் பயர்பாக்ஸ் வந்தபோது அதற்கு இரண்டுமே புரியவில்லை. ஜிலேபியைப் பிய்த்துப் போட்டதுபோல லத்தீன் குறிகள் திரை முழுக்க ஓடின.

பிறகு யூனிகோடு. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்றால் கன்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழி அமைப்பில் ‘சிக்கலான எழுத்துமுறைகள்’ என்ற பெட்டியில் டிக் அடிக்க வேண்டும். அடித்தவுடன் அது விண்டோஸ் குறுந்தகட்டைக் கேட்கும். பிரவுசிங் சென்டர்காரரிடம் போய் “அண்ணே, எக்ஸ்பி சிடி இருக்கா?” என்று கேட்டுத்தான் ஒரு தலைமுறை தமிழ் வலைப்பதிவு படித்தது. நம் மொழியையே ‘சிக்கலானது’ என்று ஒரு பெட்டிக்குள் போட்டு, வேண்டுமானால் டிக் அடித்துக்கொள் என்று சொன்னார்கள். நாமும் அடித்துக்கொண்டோம்.

அடுத்து வந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு ரொம்ப முக்கியம். பயர்பாக்ஸ் 1.5, 2 காலம். யூனிகோடில் எழுதிய பக்கம்கூட சில தளங்களில் உடைந்து தெரியும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் எழுத்து அனாதையாக. அதே கணினி, அதே எழுத்துரு, பக்கத்துத் தளம் நன்றாகத் தெரியும். காரணம் ஒரே ஒரு வரி. பத்தியின் இரண்டு ஓரத்தையும் நேர்க்கோடாக்கும் ‘ஜஸ்டிஃபை’ கட்டளை. வரியை இழுத்து நிரப்பும் வேலையில், சேர்ந்து நிற்க வேண்டிய எழுத்துத் துண்டுகளைப் பயர்பாக்ஸ் பிரித்துப்போட்டது. 2008 ஜூனில் வந்த பயர்பாக்ஸ் 3-இல்தான் இது சரியானது.

அதுவரை வலைப்பதிவர்கள் என்ன செய்தார்கள்? “பயர்பாக்ஸை விட்டுவிட்டு வாருங்கள்” என்று பலகை மாட்டவில்லை. ஒருவர் பதிவின் கீழே இன்னொருவர் வந்து, “ஜஸ்டிஃபை எடுத்துடுங்க, என்னால படிக்க முடியல” என்று சொல்வார். எடுத்துவிடுவார்கள். வலது ஓரம் கொஞ்சம் ஏறுக்குமாறாக நிற்கும். நிற்கட்டுமே! பக்கத்தின் அழகா, படிக்கிறவனா என்று கேட்டபோது படிக்கிறவன் என்று பதில் சொன்ன காலம் அது. தமிழ் இணையத்தின் அறம் என்று ஒன்று இருந்தால் அது அந்த ஒரு வரியை நீக்கியதில்தான் இருந்தது என்பேன்.

2010 வாக்கில் இன்னொன்று. கையடக்கப் போன்களில் தமிழ் எழுத்துருவே கிடையாது. கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபரா மினியின் முகவரிப் பட்டையில் ‘கான்ஃபிக்’ என்று அடித்து உள்ளே போனால், கீழே ஒரு வரி இருக்கும். சிக்கலான எழுத்துமுறைகளைப் படமாகக் காட்டு என்று. அதை ‘யெஸ்’ ஆக்கினால் போதும். ஓபராவின் சர்வர் தமிழ் வரிகளைப் படமாக்கி அனுப்பும். தமிழ் எழுத்துரு இல்லாத மூவாயிரம் ரூபாய் நோக்கியாவில் அப்படித்தான் தமிழ் வந்தது. எழுத்து படமாக வருவதால் டேட்டா கூடுதலாகச் செலவாகும். தேடவோ காப்பி செய்யவோ முடியாது. ஆனால் படிக்கலாம். படிக்க முடிந்ததே பெரிய விஷயம்.

இப்படித் திண்டாடி வந்த கூட்டம்தான் நாம். அந்தக் கூட்டத்தின் வாரிசுகள் இன்று இணைய இதழ் நடத்துகிறார்கள். அவர்கள் வாசலில்தான் அந்தச் சாம்பல் பெட்டி தொங்குகிறது.

3

எதிர்த்தரப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையல்ல. பக்கம் கட்டுகிறவர்களுக்குப் பழைய உலாவி என்றாலே உடம்பு கூசுவதற்குக் காரணம் உண்டு. அதன் பெயர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6.

2001 ஆகஸ்டில் வந்தது. அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில்தான். போட்டிக்கு ஆளில்லை என்றதும் மைக்ரோசாஃப்ட் ஐந்து வருடம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. அந்த உலாவியின் கோளாறுகளை இன்றைக்கும் தூக்கத்தில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இடப்பக்கம் மிதக்கவிட்ட பெட்டிக்கு இடப்பக்க இடைவெளி பத்து என்று சொன்னால், இருபது வைக்கும். பக்கத்துப் பெட்டி இடம் போதாமல் கீழே விழும். இதற்கு மருந்து, சம்பந்தமே இல்லாத ‘டிஸ்ப்ளே: இன்லைன்’ என்ற ஒரு வரி. ஏன் அது வேலை செய்கிறது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. பேய்க்கு வேப்பிலை அடிக்கிற மாதிரி. ஒளிபுகும் படம் வைத்தால் பின்னால் சாம்பல் பூசிக் காட்டும். இதற்கென்றே தனி வரிகள், தனிக் கோப்புகள், பழைய எக்ஸ்ப்ளோரர் மட்டும் படிக்கிற ரகசியக் குறிப்புகள்.

நம் ஊர் அரசுத் தளங்களோ அந்த உலாவியையே சட்டமாக்கிக்கொண்டன. ‘இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் 1024 பெருக்கல் 768 அளவில் பார்க்கச் சிறந்தது’ என்று அடியில் ஒரு வரி. எந்தத் தொழில்நுட்பத்திலும் எந்தக் கருவியிலும் தளம் திறக்க வேண்டும் என்று 2009-லேயே மத்திய அரசின் இணையதள வழிகாட்டி நெறிமுறைகள் சொல்லிவிட்டன. அதற்குப் பிறகும் அந்த வரி பல தளங்களின் அடியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

2011 மார்ச்சில் மைக்ரோசாஃப்டே “6-ஐ விட்டுவிடுங்கள்” என்று பிரசாரம் தொடங்கியது. 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்தியது. 2022 ஜூன் 15 அன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே மூடுவிழா. பக்கம் கட்டுகிறவர்கள் கொண்டாடினார்கள். கொண்டாடட்டும், பட்டபாடு அப்படி.

ஆனால் அந்தப் பாட்டிலிருந்து அவர்கள் கற்ற பாடம்தான் தவறு. கற்றிருக்க வேண்டிய பாடம்: ‘ஒரே ஓர் உலாவிக்கு மட்டும் பக்கம் கட்டாதே’. கற்றுக்கொண்ட பாடம்: ‘பழைய உலாவிக்குப் பக்கம் கட்டாதே’. இரண்டும் ஒன்றல்ல. எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் கட்டிய அரசு அலுவலகமும், போன மாதத்துக் குரோமுக்கு மட்டும் கட்டுகிற இன்றைய இளைஞனும் ஒரே பலகையைத்தான் பிடித்திருக்கிறார்கள். பலகையில் இருக்கும் பெயர்தான் வேறு.

4

இன்றைய நிலவரம் என்ன? எக்ஸ்ப்ளோரர் போய்விட்டது, ஆனால் பழைய உலாவி போகவில்லை. போனுக்குள் குடிவந்துவிட்டது.

2017-இல் ஜியோபோன் வந்தது. 1,500 ரூபாய் வைப்புத்தொகை, 2.4 அங்குலத் திரை, பட்டன் போன். அதற்குள் இருக்கும் காய்ஓஎஸ், பயர்பாக்ஸின் 48-ஆம் பதிப்பின் எஞ்சினில் ஓடுவது. அதாவது 2016 ஆகஸ்ட். இன்று எல்லாரும் பக்கத்தைக் கட்டம் பிரிக்கப் பயன்படுத்தும் ‘கிரிட்’ பயர்பாக்ஸுக்கு வந்தது 52-ஆம் பதிப்பில், 2017 மார்ச்சில். ஆக, ஜியோபோனுக்குக் கிரிட் தெரியாது. அந்தப் போனுக்குள் இருக்கும் எஞ்சினை அதன் சொந்தக்காரர் மாற்றவும் முடியாது. ‘புதிய பதிப்புக்கு மாறுங்கள்’ என்றால் அவர் எதை மாற்றுவார்? போனைத்தான்.

ஆண்ட்ராய்டிலும் அதேதான். ஆண்ட்ராய்டு 4.4 போனுக்குக் கிடைக்கும் கடைசிக் குரோம் 81. ஒரு வரிசையில் நிற்கும் பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி விடும் ‘கேப்’ வசதி குரோம் 84-இல் வந்தது. அந்தப் போனில் உங்கள் இதழின் மேல்பட்டை எப்படித் தெரியும் தெரியுமா? ‘கதைகவிதைகட்டுரைநேர்காணல்’. ஒரே சொல்லாக. பெட்டிகளுக்குப் பழைய முறையில் ஓர் ஓர இடைவெளி கொடுத்திருந்தால் முடிந்துபோகிற விஷயம். இதில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. ‘உனக்குக் கேப் தெரியுமா?’ என்று உலாவியையே கேட்டுப்பார்க்க ‘சப்போர்ட்ஸ்’ என்றொரு விதி உண்டு. குரோம் 81-இடம் கேட்டால் ‘தெரியும்’ என்று சொல்லும். கிரிட்டுக்குள் அதற்குத் தெரியும், வரிசைக்குள்தான் தெரியாது. கேள்வி அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் கேட்காது. ஆகவே விதிகளை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. ஒரு பழைய போனைக் கையில் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பக்கத்துக்கு உடை உடுத்தும் சி.எஸ்.எஸ். என்ற மொழி ரொம்பப் பெருந்தன்மையானது. தனக்குத் தெரியாத கட்டளை வந்தால் உலாவி அதை மட்டும் தாண்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். கிரிட் தெரியாத ஜியோபோனில் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கும், அவ்வளவுதான். அது குறையே இல்லை. 2.4 அங்குலத் திரையில் அப்படி நிற்பதுதான் படிக்கத் தோது.

பெருந்தன்மை இல்லாதது ஜாவாஸ்கிரிப்ட். தெரியாத ஒரு குறி வந்தால், உதாரணமாக இன்று சாதாரணமாகப் புழங்கும் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த அந்தக் குறி வந்தால், பழைய எஞ்சின் அந்த வரியை மட்டும் விடாது, கோப்பு முழுவதையும் கைவிட்டுவிடும். கதையின் வாசகம் எச்.டி.எம்.எல்.லில் நேராக இருந்தால் அப்போதும் நஷ்டமில்லை. ஆனால் இப்போது கதையையே ஜாவாஸ்கிரிப்ட்தான் கொண்டுவந்து பரிமாறுகிறது. பரிமாறுகிறவன் வாசலிலேயே மயங்கி விழுந்தால் பந்தியில் உட்கார்ந்தவன் கதி? வெறும் இலை. தங்கச்சிமடத்துத் தம்பி பார்த்த வெள்ளை அதுதான்.

நான்காயிரம் சொல் உள்ள சிறுகதை. படம் கிடையாது, கணக்கு கிடையாது, விளையாட்டு கிடையாது. வெறும் எழுத்து. 1993-இன் உலாவியால்கூடக் காட்ட முடிகிற அளவுக்கு எளிய பண்டம். அதைக் காட்டுவதற்கு 2024-இன் எஞ்சின் வேண்டும் என்று ஆக்கி வைத்திருக்கிறோம் என்றால், கோளாறு போனில் இல்லை.

5

பக்கம் கட்டுகிற நண்பர்களிடம் இதைச் சொன்னால் நான்கு பதில்கள் வரும். நான்கையும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: “அந்த மாதிரி போன்ல யாரு சார் வர்றா? அனலிட்டிக்ஸ்ல ஒரு பர்சென்ட்கூட இல்ல.” இந்த வாதத்தின் ஓட்டை பெரியது. வருகையை எண்ணுகிற கருவியே ஜாவாஸ்கிரிப்ட்தான். எந்தப் போனில் உங்கள் பக்கம் விழுந்துவிட்டதோ, அங்கே எண்ணும் கருவியும் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே எண்ணியிருந்தாலும், ஒருமுறை வெள்ளைத் திரையைப் பார்த்தவன் இரண்டாம் முறை வரமாட்டான். வாசலோடு திரும்பியவனைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் எப்படி எண்ணுவான்? ஆளைத் துரத்திவிட்டு ஆள் வரவில்லை என்று கணக்கு எழுதுகிறோம்.

இரண்டாவது: “பழைய பிரவுசர் பாதுகாப்பு இல்ல. அப்டேட் பண்ணச் சொல்றது அவங்க நல்லதுக்குத்தான்.” இதில் உண்மை இருக்கிறது. வங்கி கதவைச் சாத்தட்டும், நான் கேட்க மாட்டேன். ஆனால் கவிதைக்கு எதற்குப் பூட்டு? அதுவும் இல்லாமல், பாதுகாப்பையும் பழைய போனையும் ஒருசேரக் காப்பாற்ற முடியும் என்பதற்கு நல்ல உதாரணம் உண்டு. இணையதளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியாக இருந்தது. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களுக்குப் புதிய மூலச் சான்றிதழைத் தெரியாது. அன்றைக்கு ஆண்ட்ராய்டு கருவிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அப்படிப்பட்டவை. 2020 நவம்பரில் அவர்களும் “பயர்பாக்ஸ் நிறுவிக்கொள்ளுங்கள்” என்றுதான் சொன்னார்கள். பிறகு விடாமல் யோசித்தார்கள். மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பழைய ஆண்ட்ராய்டு பார்ப்பதில்லை என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, குறுக்குக் கையொப்பம் ஒன்றை வாங்கி, இன்னும் மூன்று வருடம் ஓட்டினார்கள். பாதுகாப்பே தொழிலாகக் கொண்டவர்கள் “போனை மாற்று” என்பதோடு நிறுத்தவில்லை. சிறுகதை போடுகிறவர்கள் நிறுத்திவிட்டோம்.

மூன்றாவது: “எல்லா போன்லயும் ஒரே மாதிரி தெரியணும்னா வாழ்நாள் பத்தாது.” ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று யார் கேட்டது? எக்ஸ்ப்ளோரர் 6 காலத்து வேதனையில் பாதி, வாடிக்கையாளர் “இங்கேயும் அதே மாதிரி வளைந்த மூலை வேண்டும்” என்று அடம்பிடித்ததால் வந்தது. பழைய போனில் மூலை வளையாமல் இருக்கட்டும். நிழல் விழாமல் இருக்கட்டும். ஒரே பத்தியாக, கறுப்பு எழுத்தாக, வெள்ளைத் தாளில் வரட்டும். வாசகம் வந்தால் போதும். முதலில் எல்லாருக்கும் வாசகம், அதற்குமேல் முடிந்தவர்களுக்கு அலங்காரம் என்ற இந்த முறைக்கு 2003-லேயே ‘படிப்படியான மேம்பாடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நான்காவது: “இலக்கிய இதழ் கைக்காசு போட்டு நடத்துறது. இதுக்கெல்லாம் யார்ட்ட காசு இருக்கு?” கைக்காசு போட்டு நடத்துகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் சொல்கிறேன், இது கூடுதல் செலவு இல்லை. குறைவான செலவு. கதையை எச்.டி.எம்.எல்.லாகவே அனுப்பு. கதை வருவதற்கு ஜாவாஸ்கிரிப்டை நம்பாதே. புதிய கட்டளைக்கு முன்னால் பழைய கட்டளையை ஒரு வரி எழுது. பழையவன் அதை எடுத்துக்கொள்வான், புதியவன் அடுத்ததை எடுத்துக்கொள்வான். தமிழ் எழுத்துரு இறங்கும்வரை வாசகத்தை மறைத்து வைக்காதே, போனில் இருக்கும் எழுத்துருவில் முதலில் காட்டு. ஜஸ்டிஃபையை எடு. இன்று அது எழுத்தை உடைப்பதில்லை என்பது சரி. ஆனால் தமிழ்ச் சொல் நீளமானது. ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரே சொல் ஒரு வரியை அடைத்துக்கொண்டால், சிறிய திரையில் முந்தின வரியின் மூன்று சொற்கள் மூன்று ஊர்களில் நிற்கும். கடைசியாக, செகண்ட் ஹேண்ட் கடையில் ஒரு பழைய போன் வாங்கி அலுவலக மேசையில் வை. ஒவ்வோர் இதழும் அதில் ஒருமுறை திறக்கட்டும். இவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை மதியத்து வேலை.

6

நம் இதழாசிரியர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு குறை உண்டு. “முழுக் கட்டுரையையும் காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல போட்டுர்றாங்க. தளத்துக்கு யாரும் வர்றதில்ல.” திருட்டு என்கிறார்கள். சில சமயம் திருட்டுதான். ஆனால் பல சமயம் அது வேறொன்று. பக்கம் திறக்காத நண்பனுக்கு, பக்கம் திறக்கிற நண்பன், உடை எல்லாவற்றையும் உரித்துவிட்டு வெறும் வாசகத்தை மட்டும் எடுத்து அனுப்புகிறான். பக்கம் கட்டியவன் செய்யத் தவறிய பழுதுபார்ப்பை வாசகன் கைவேலையாகச் செய்கிறான். அன்று பதிவின் கீழே வந்து ‘ஜஸ்டிஃபை எடுங்க’ என்று சொன்னவனின் தம்பிதான் இவன். சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததால் இப்போது சொல்வதில்லை, அவ்வளவுதான்.

விளிம்புநிலை என்று நாம் எத்தனை சிறப்பிதழ் போட்டிருப்போம்! நெய்தல் சிறப்பிதழ், மீனவர் சிறப்பிதழ். உள்ளடக்கத்தில் விளிம்பு நடுவுக்கு வந்துவிட்டது. பக்க அமைப்பில் விளிம்பு விளிம்பாகவேதான் இருக்கிறது. கருப்பொருளாக வரலாம், வாசகனாக வரக் கூடாது. இதைவிட நாகரிகமான தீண்டாமையை நான் பார்த்ததில்லை.

இந்தக் கரையில் செய்தி சொல்லும் முறைகளைக் கொஞ்சம் பாருங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை எண். பகலில் கூம்பும் உருளையும் தொங்கும். இருட்டினால் அது தெரியாதே என்று, இரவுக்குச் சிவப்பு, வெள்ளை விளக்குகள். பகல் கண்ணுக்கு ஒரு வடிவம், இரவுக் கண்ணுக்கு ஒரு வடிவம், செய்தி ஒன்று. இணையத்தில் இதைத்தான் மாற்று ஏற்பாடு என்கிறோம். கூண்டைக் கட்டியவர்களுக்கு அது மாற்று ஏற்பாடாகத் தோன்றியிருக்காது, கடமையாகத் தோன்றியிருக்கும். 2016-இல் பாம்பனில் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலி 90.4-இல் பேசுகிறது. நூறு ரூபாய் பெட்டியிலும் கேட்கும், பழைய நோக்கியாவிலும் கேட்கும். “உங்கள் ரேடியோ பழையது” என்று அது யாரிடமும் சொன்னதில்லை.

பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரில் ரயிலுக்கு மூடப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறந்தது. நடுவில் இரண்டு வருடத்துக்கும் மேல் ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றன. ராமேஸ்வரம் தனித்துப் போய்விட்டதா? இல்லை. பக்கத்தில் 1988-இல் திறந்த சாலைப் பாலம் இருந்தது. பஸ்ஸில் போனார்கள். ரயிலளவுக்கு வசதி இல்லை, அழகு இல்லை, ஆனால் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். புதிய பாலம் கட்ட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கிரிட் வேண்டும், நல்ல எழுத்துரு வேண்டும், அழகான பக்கம் வேண்டும். புதிய பாலம் எத்தனை அழகாக வேண்டுமானாலும் வரட்டும். பஸ் போகிற பாலத்தை மட்டும் உடைக்காதீர்கள்.

இதைப் படிக்கும் இளம் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பிடித்த இணைய இதழ் ஒன்றை எடுங்கள். வீட்டில் இருப்பதிலேயே பழைய போனைத் தேடிப்பிடித்துச் சார்ஜ் போடுங்கள். அதில் ஒரு கதையைத் திறந்து பாருங்கள். திறந்தால் ஆசிரியருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். திறக்காவிட்டால் அந்த வெள்ளைத் திரையைப் புகைப்படம் எடுத்து, கதையைப் பற்றி எழுதும் அதே அக்கறையோடு, இதற்கும் ஒரு வாசகர் கடிதம் எழுதுங்கள். ‘உங்கள் இதழ் மிகவும் புதியது. வாசகர்களிடம் மாறி வாருங்கள்’ என்று.